லைன் ஃபாலோயர் போட்டிக்கு ரோபோ: பிஐடி எண்ணைத் தொடுமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

கல்லூரித் தொழில்நுட்ப விழாவில் முதன்முறையாகக் களமிறங்கும் அணிக்கு, தரையில் இருக்கும் கோட்டைத் தானே பின்தொடர்ந்து ஓடும் லைன் ஃபாலோயர் ரோபோதான் சரியான தொடக்கம். செலவு கைக்கு அடங்கும். ஒரு விடுதி அறையிலேயே கட்டி ஓட்டிப் பார்க்கலாம். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று மூன்று துறைக்காரர்களுக்கும் வேலை இருக்கும். ஆனால் பெரும்பாலான அணிகள் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. ரோபோ கோட்டின் மேல் தள்ளாடியதும் லேப்டாப்பைத் திறந்து கேபி, கேடி எண்களை, அதாவது விலகலை எவ்வளவு வலுவாகத் திருத்துவது என்று சொல்லும் பிஐடி கணக்கின் எண்களை, மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தள்ளாட்டத்துக்குக் காரணம் இறங்கிய பேட்டரியாக இருக்கும், தூசு படிந்த டயராக இருக்கும், உயரம் தப்பிய சென்சாராக இருக்கும். அதையெல்லாம் எண் சரிசெய்யாது. ஒரே ரோபோ, ஒரே தடத்தில், ஐந்து முறை ஒரே மாதிரி ஓடும் நிலை வந்த பிறகுதான் எண்ணில் கை வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் விதித்தாள்

சாஸ்திரா, பிரக்யான், குருக்ஷேத்ரா போன்ற பெரிய விழாவோ, பக்கத்துக் கல்லூரியின் துறை அளவிலான சிம்போசியமோ, விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சீனியர் கொடுத்த பழைய ரோபோவை நம்பிப் போகாதீர்கள். கோட்டின் அகலம் 25 மில்லிமீட்டரா 30 மில்லிமீட்டரா, வெள்ளைத் தளத்தில் கறுப்புக் கோடா அல்லது தலைகீழா, நடுவில் நிறம் மாறுமா, கோடு விட்டுவிட்டு வருமா, செங்கோணமும் குறுங்கோணமும் உண்டா, தடம் விலகினால் எங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும், எத்தனை முறை கைவைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி அபராதம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டு வரிகளை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். ஒன்று, மின்னழுத்த வரம்பு. 'எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலும் 12 வோல்ட்டைத் தாண்டக் கூடாது' என்று விதி இருந்தால், 11.1 வோல்ட் என்று அச்சிட்ட 3எஸ் (மூன்று செல்) லிபோ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி உங்களை வெளியே அனுப்பிவிடும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். நடுவர் கையில் மல்டிமீட்டர் இருக்கும். இரண்டு, ரெடிமேட் கிட் தடை. முழுக் கிட்டையும் வாங்கி மாட்டிய ரோபோவை நிறைய இடங்களில் ஏற்பதில்லை. தனித்தனியாக வாங்கிய சென்சார் போர்டும் மோட்டார் டிரைவரும் பொதுவாகச் செல்லும். சந்தேகம் இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்குவது

மூளைக்கு ஆர்டுவினோ நேனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு போதும். விலை குறைந்த நேனோக்களில் யூஎஸ்பி இணைப்புக்கு சிஹெச்340 சிப் இருக்கும். அதற்கான டிரைவரை லேப்டாப்பில் முன்பே நிறுவுங்கள். ப்ரோக்ராம் ஏறாமல் அடம்பிடித்தால், ஆர்டுவினோ மென்பொருளில் ப்ராசசர் பட்டியலுக்குப் போய் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பலமுறை அவ்வளவுதான் கோளாறு.

மோட்டார் விஷயத்தில் மஞ்சள் நிற பிஓ மோட்டாரைத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் பற்சக்கரங்களுக்கு இடையே ஆட்டம் அதிகம். சின்னத் திருத்தங்கள் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகும். 6 வோல்ட், 600 ஆர்பிஎம் என்20 கியர் மோட்டார் எடுங்கள். அதோடு 43 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரப்பர் சக்கரம். கணக்கு எளிது: 600 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 10 சுற்று, ஒரு சுற்றுக்கு 135 மில்லிமீட்டர், ஆக நொடிக்கு 1.35 மீட்டர். பாரம் ஏறியதும் இதில் குறையும். முதல் முறை வரும் அணி நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் தடம் விலகாமல் ஓட்டினாலே நல்ல இடம் கிடைக்கும். 1000 ஆர்பிஎம் மோட்டார் வாங்கி அதைப் பாதி வேகத்தில் ஓட்டுவதில் பயன் இல்லை, வளைவில் இழுவிசைதான் குறையும்.

என்20 மோட்டாரை நான்காக வாங்குங்கள். ஒரே பெட்டியில் வந்தவையும் ஒரே வேகத்தில் சுற்றாது. சக்கரத்தில் ஒரு பொட்டு வைத்து, ஒரே மின்னழுத்தத்தில் ஓடவிட்டு, மொபைலில் ஸ்லோ மோஷனில் எடுத்து 10 நொடிக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நெருங்கி வரும் இரண்டு ரோபோவுக்கு, மற்ற இரண்டு உபரிக்கு.

நேனோவின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவருக்கு டிபி6612 மாட்யூல். லேபில் சிவப்பு நிறத்தில் பெரிய ஹீட்சிங்க்கோடு கிடைக்கும் எல்298என்னை எடுத்து மாட்டத் தோன்றும். வேண்டாம். அதற்குள் மட்டுமே 2 வோல்ட் அளவுக்குச் சாப்பிட்டுவிடும். 7.4 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு ஐந்தரைதான் போய்ச் சேரும், மீதி சூடாகும். டிபி6612 ஒரு மோட்டாருக்குத் தொடர்ச்சியாக 1.2 ஆம்பியர், நொடிப்பொழுதுக்கு 3.2 ஆம்பியர் தாங்கும். என்20-க்கு இது தாராளம்.

சென்சாரில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. திருகி அளவு வைக்கும் நீல நிறப் பொட்டென்ஷியோமீட்டரோடு வரும் ஐஆர் (அகச்சிவப்பு) மாட்யூல்கள் 'உண்டு, இல்லை' என்று மட்டுமே சொல்லும். அப்படி ஐந்தை வரிசையாக வைத்தால் கோடு இருக்கும் இடத்தை ஒன்பது படிகளில்தான் அறிய முடியும். ரோபோ படிக்குப் படி தாவும். அனலாக் அளவு தரும் எட்டு சென்சார் வரிசை வேண்டும். க்யூடிஆர்-8ஏ போர்டு, அல்லது டிசிஆர்டி5000 எட்டு வாங்கி நீங்களே டாட் போர்டில் சால்டர் செய்யலாம். ஒவ்வொன்றின் எல்இடிக்கும் 220 ஓம், ரிசீவருக்கு 10 கிலோ ஓம். நேனோவில் ஏ0 முதல் ஏ7 வரை எட்டு அனலாக் பின்கள் சரியாக இருக்கின்றன. ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் மட்டும்தான், டிஜிட்டலாகப் படிக்காது. ஆகவே டிஜிட்டல் பின் கேட்கும் க்யூடிஆர்-8ஆர்சி வகையைத் தவறுதலாக வாங்கிவிட்டால் அந்த இரண்டு பின்களில் அது வேலை செய்யாது.

பேட்டரிக்கு 2எஸ் லிபோ, 450 முதல் 850 மில்லி ஆம்பியர் மணி வரை, மின்னோட்டம் தரும் திறன் 25சி. குறைந்தது இரண்டு. செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரும் கூடவே வாங்குங்கள். 5 வோல்ட்டுக்குத் தனியாக, மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர். சென்னை அணிகளுக்கு ரிச்சி தெருவில் இவை எல்லாம் ஒரே சுற்றில் கிடைத்துவிடும். வெளியூர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கும்போது மோட்டாரையும் சக்கரத்தையும் ஒரே கடையில் எடுங்கள். 3 மில்லிமீட்டர் டி-வடிவத் தண்டுக்குப் பொருந்தாத சக்கரம் வந்து சேர்ந்தால் ஒரு வாரம் போய்விடும்.

சட்டகம்

கனமும் நீளமும் கூடக் கூட ரோபோ திரும்ப மறுக்கும். மொத்த எடை 250 கிராமுக்குள் நிற்கட்டும். 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் பார்க்க அழகுதான், ஆனால் திருகு ஓட்டையில் விரிசல் விடும். காப்பர் இல்லாத 1.6 மில்லிமீட்டர் எஃப்ஆர்4 தகடு மெல்லியது, உறுதியானது, ரம்பத்தால் அறுக்கலாம். கொஞ்சம் கைதேர்ந்த அணி, பிசிபியையே சட்டகமாக வடிவமைத்து அச்சடித்துவிடும். ஒயர்கள் பாதியாகக் குறையும்.

இரண்டு சக்கரங்களுக்கு இடையே 11 முதல் 13 செ.மீ. சக்கர அச்சிலிருந்து சென்சார் வரிசை வரை முன்னால் சுமார் 10 செ.மீ. இந்த நீளம் குறைந்தால் வளைவு தெரிவதற்குள் ரோபோ வளைவைத் தாண்டியிருக்கும். ரொம்பக் கூட்டினால் மூக்கு கனத்து, திரும்பிய பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். பேட்டரியை அச்சுக்கு மேலேயோ, அதிலிருந்து ஓரிரு செ.மீ. முன்னாலோ வையுங்கள். எடையில் நான்கில் மூன்று பங்கு சக்கரங்களின் மேல் விழ வேண்டும், அப்போதுதான் பிடி கிடைக்கும். சமையலறைத் தராசில் முன்பக்கத்தை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முன்னால் தாங்கலுக்கு உலோகக் குண்டு காஸ்டர் (எப்பக்கமும் உருளும் சக்கரம்) போடுவது வழக்கம். ஃப்ளெக்ஸ் தடத்தில் அதற்குள் நூலும் முடியும் தூசும் சிக்கி குண்டு சுற்றாமல் நின்றுவிடும். சென்சார் போர்டின் அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் குமிழ் இரண்டை ஒட்டி வழுக்கவிடுவது மேல். 200 கிராம் ரோபோவுக்கு முன்னால் சக்கரமே தேவையில்லை.

சக்கரத்தைத் தண்டில் ஏற்றும்போது மோட்டாரின் பின்பக்கத்தைப் பிடித்து அழுத்தாதீர்கள், பற்சக்கரப் பெட்டி பிளந்துகொள்ளும். தண்டு இருக்கும் முன்தகட்டை அணைத்துப் பிடித்து மெதுவாக ஏற்றுங்கள். மோட்டார் முனைகளில் சால்டர் இரும்பை இரண்டு நொடிக்கு மேல் வைத்தால் பின்மூடி உருகும். ஒயரோடு சேர்த்து 104 என்று எண் போட்ட செராமிக் கப்பாசிட்டர் ஒன்றை இரு முனைகளுக்கும் குறுக்கே வையுங்கள். பிரஷ் தீப்பொறி சென்சார் அளவைக் கெடுக்காமல் இருக்கும்.

மின் இணைப்பு

பேட்டரியிலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து இரண்டு பாதைகள். ஒன்று நேராக, மோட்டார் மின்சாரம் நுழையும் டிபி6612-இன் விஎம் பின்னுக்கு, மற்றது பக் கன்வெர்ட்டர் வழியாக 5 வோல்ட் ஆகி நேனோவுக்கும் சென்சாருக்கும். நேனோவின் விஐஎன் பின்னில் பேட்டரியைக் கொடுத்து, அதன் 5 வோல்ட் பின்னிலிருந்து சென்சாருக்கு எடுப்பதும் ஓடும்தான். ஆனால் எட்டு எல்இடிகள் சேர்ந்து 130 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்தச் சின்ன ரெகுலேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

பக் கன்வெர்ட்டரை எதனுடனும் இணைக்கும் முன், மல்டிமீட்டரை வைத்து 5.0 வோல்ட்டுக்குத் திருகுங்கள். கடையிலிருந்து வரும்போது அது எந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியே மாட்டினால் முதல் நொடியிலேயே நேனோ போய்விடும். அளவு வைத்ததும் திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள், அதிர்வில் நகராது.

டிபி6612-இல் எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) என்ற பின் உண்டு. அதை 5 வோல்ட்டில் இணைக்காவிட்டால் மோட்டார் அசையாது. மற்ற எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், அணி முழுவதும் ப்ரோக்ராமில் தவறு தேடிக்கொண்டிருக்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் இணைப்புகளை நேனோவின் 9, 10ஆம் பின்களுக்குக் கொடுங்கள். டைமர் 1-இன் அமைப்பை மாற்றி இந்த இரண்டையும் சுமார் 31 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்திவிட்டால் மோட்டார் கீச்சிடுவது நிற்கும். 5, 6ஆம் பின்களில் இதைச் செய்யப் போனால் நேரம் எண்ணும் மில்லிஸ் கணக்கே குழம்பிவிடும்.

விஎம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 470 மைக்ரோ ஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் கட்டாயம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செங்கோணத்தில் இரண்டு மோட்டாரும் எதிரெதிராகச் சுற்றும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரியும். ரோபோ திடீரென்று நிற்கும். நேனோவின் 13ஆம் பின் விளக்கு இரண்டு மூன்று முறை படபடக்கும். பிறகு தடத்தின் நடுவிலேயே, தொடக்கத்தில் சென்சார் அளவுகளைச் சேமிக்கும் கேலிபரேஷன் சுழற்சியைத் தொடங்கிவிடும். நேனோ ரீசெட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ப்ரோக்ராமைத் திருத்தாதீர்கள். கப்பாசிட்டரையும், பேட்டரி இணைப்பானின் பிடிப்பையும், சால்டரையும் பாருங்கள். ஜம்பர் ஒயரும் பிரெட்போர்டும் சோதனை மேசைக்கு மட்டும். போட்டி ரோபோவில் எல்லாம் சால்டர் அல்லது பூட்டும் இணைப்பானாக இருக்க வேண்டும்.

சென்சார் உயரமும் வெளிச்சமும்

க்யூடிஆர் வகைக்கும் டிசிஆர்டி5000-க்கும் தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரம்தான் மிகப் பொருத்தம். 6-ஐத் தாண்டினால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு தேய்ந்துவிடும். ஆனால் ஃப்ளெக்ஸில் சுருக்கம் இருக்கும், ஆகவே 4 மில்லிமீட்டருக்கு வையுங்கள். ஐந்து ஏடிஎம் கார்டுகளை அடுக்கினால் 3.8 மில்லிமீட்டர் வரும். அதைச் சென்சாருக்கு அடியில் செருகி, இரண்டு ஓரமும் ஒரே அளவில் உரசுகிறதா என்று பார்த்துத் திருகை இறுக்குங்கள்.

எல்லா எல்இடியும் எரிகிறதா என்பதை வெறும் கண்ணால் காண முடியாது. மொபைலின் செல்ஃபி கேமராவில் பாருங்கள், ஊதா நிறப் புள்ளிகளாகத் தெரியும். பின்பக்கக் கேமராவில் ஐஆர் வடிகட்டி வலுவாக இருப்பதால் பல மொபைல்களில் தெரியாது.

பிறகு ஒவ்வொரு சென்சாரின் அளவையும் வெள்ளையில் ஒரு முறை, கறுப்பில் ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். 0 முதல் 1023 வரையுள்ள அளவில் இரண்டுக்கும் குறைந்தது 400 வேறுபாடு வேண்டும். ஒன்று மட்டும் பின்தங்கினால் சால்டரோ ரெசிஸ்டரோ தவறு.

வெயிலில் ஐஆர் ஏராளம். ஜன்னலோரம் ஓட்டினால் ஒரு மூலையில் மட்டும் ரோபோ தடுமாறும், மாலையில் அதே மூலையில் சமர்த்தாகத் திரும்பும். எல்இடி டியூப் லைட்டில் இந்தத் தொல்லை குறைவு, மேடையில் போடும் ஹாலோஜன் விளக்கில் மிக அதிகம். சென்சார் வரிசையைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் பேப்பரால் பாவாடைபோல் ஒரு மறைப்பு ஒட்டினால் பாதித் தொல்லை தீரும்.

பயிற்சித் தடம்

போட்டியில் தடம் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் பேனரில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே சார்ட் பேப்பரில் மட்டும் பழகினால் போதாது. சார்ட்டில் டயர் பிடிக்கும், ஃப்ளெக்ஸில் வழுக்கும். ஃப்ளெக்ஸ் கடையில் கொடுக்கும் முன் ஒரு அடித் துண்டு அச்சடித்து வாங்கி, சென்சாரை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் எல்லா மையும் ஐஆர் ஒளியை விழுங்குவதில்லை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் சாய மையில் அச்சிட்ட கறுப்புக் கோடு சென்சாருக்கு வெள்ளையாகவே தெரியக்கூடும். வெற்று வெள்ளை ஃப்ளெக்ஸ் வாங்கி அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுவது சிக்கனம், வளைவுகளை வாராவாரம் மாற்றியும் ஒட்டலாம். கடையில் கிடைக்கும் டேப் 18 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 30 மில்லிமீட்டர் கோட்டுக்கு இரண்டு வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி ஒட்டுங்கள். ஃப்ளெக்ஸை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடிப்புத் தழும்பில் சென்சார் இடிக்கும்.

ப்ரோக்ராம்

ரோபோவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கோடு நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது. தொடக்கத்தில் ரோபோவை 4 நொடி இடமும் வலமும் அசையவிட்டு, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த, கூடிய அளவுகளைச் சேமியுங்கள். அதன் பின் வரும் ஒவ்வொரு அளவையும் 0 முதல் 1000 வரை மாற்றுங்கள். 50-க்குக் கீழ் வருவதைச் சுழியம் என்று எடுத்தால் இரைச்சல் போகும். முதல் சென்சாருக்கு 0, அடுத்ததற்கு 1000, கடைசிக்கு 7000 என்று எடை கொடுத்து, எடையால் பெருக்கிய அளவுகளின் கூட்டலை அளவுகளின் கூட்டலால் வகுத்தால் கோட்டின் இடம் கிடைக்கும். நடு என்பது 3500. பிழை என்பது அந்த இடத்திலிருந்து 3500-ஐக் கழித்தது.

திருத்தம் = கேபி × பிழை + கேடி × (பிழை − முந்தைய பிழை). ஒரு சக்கரத்தின் அடிப்படை வேகத்தோடு இதைக் கூட்டுங்கள், மற்றதில் கழியுங்கள். பிஐடி என்று பெயர் இருந்தாலும் இந்த ரோபோவுக்கு நடுவில் இருக்கும் 'ஐ' தேவைப்படுவதில்லை. நீண்ட வளைவில் அது பிழையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நேர்க்கோட்டுக்கு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். சுழியமாகவே இருக்கட்டும்.

பலர் கவனிக்காத இடம் சுற்று நேரம். கேடி-யின் பலன் இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரம் கூடிக் குறைந்தால் கேடி-யும் கூடிக் குறைந்ததாகத்தான் அர்த்தம். நேனோவில் ஒரு அனலாக் அளவு எடுக்கச் சுமார் 0.1 மில்லிநொடி, எட்டுக்கும் சேர்த்து ஒரு மில்லிநொடிக்குச் சற்றுக் குறைவு. மைக்ரோநொடியைச் சொல்லும் மைக்ரோஸ் எண்ணைப் பார்த்துச் சரியாக 2 மில்லிநொடிக்கு ஒரு சுற்று என்று கட்டிப்போடுங்கள். லேப்டாப்புக்கு எழுத்து அனுப்பும் சீரியல் பிரிண்டை உள்ளே விட்டுவைத்தால் எல்லாம் பாழ். 9600 வேகத்தில் ஒரு எழுத்து போக ஒரு மில்லிநொடி ஆகும். இருபது எழுத்து அச்சிட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு சுற்றும் 20 மில்லிநொடியைத் தாண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் போகும் ரோபோ அதற்குள் 2 செ.மீ. நகர்ந்திருக்கும், கிட்டத்தட்ட கோட்டின் அகலம். 'யூஎஸ்பி ஒயரோடு மேசையில் சரியாக இருக்கிறது, தரையில் ஆடுகிறது' என்ற புலம்பலுக்குப் பின்னால் அநேகமாக இது இருக்கும்.

எண்களுக்கு இப்போதுதான் முறை

பேட்டரியை 7.8 முதல் 8.2 வோல்ட்டுக்குள் இருக்கும்போது மட்டும் வைத்துச் சோதியுங்கள். 8.4 வோல்ட்டில் நன்றாக ஓடிய எண், 7.4-இல் சோம்பிப்போகும். அதே எண்ணுக்கு மோட்டார் தரும் வேகம் எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கும். போட்டியிலும் அதே எல்லைக்குள் இருக்கும் பேட்டரியைத்தான் மாட்ட வேண்டும்.

முழு வேகம் 255 என்றால் அடிப்படை வேகம் 80. கேடி சுழியம். கேபி 0.02-இல் தொடங்கி 0.01 வீதம் ஏற்றுங்கள். நேர்க்கோட்டில் ரோபோ சீராக இடமும் வலமும் ஊசலாடத் தொடங்கும் எண்ணைக் கண்டதும் நிறுத்தி, அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு இறங்குங்கள். இனி கேடி. கேபி-யின் பத்து மடங்கில் தொடங்கி, ஊசல் அடங்கும் வரை ஏற்றுங்கள். அளவு மீறினால் ரோபோ நேராகத்தான் போகும், ஆனால் மோட்டாரிலிருந்து உறுமல் போன்ற நடுக்கம் கேட்கும். அங்கிருந்து கொஞ்சம் இறங்குங்கள். பிறகு வேகத்தை 20 ஏற்றி மீண்டும் இதே வரிசை. வேகத்துக்கு ஒரு கேபி, கேடி ஜோடி என்று தனித்தனியாக எழுதிவைக்க வேண்டும். 80-க்குப் பொருந்திய எண் 160-க்குப் பொருந்தாது.

சக்கரத்தின் வேகம் சுழியத்துக்குக் கீழ் போகவும் அனுமதியுங்கள், சுமார் −80 வரை. உள்பக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால்தான் நெருக்கமான வளைவில் மூக்கு திரும்பும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி: பேட்டரி வோல்ட், வேகம், கேபி, கேடி, நேரம், எங்கே விலகியது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். நான்கு பேர் அணியில் இந்த நோட்டு ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ப்ரோக்ராம் எழுதுபவரிடம் கொடுக்காதீர்கள், அவருக்கு எழுதப் பொறுமை இருக்காது. ஒவ்வொரு முறையும் ஒயர் மாட்டாமல் எண் மாற்ற ஹெச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் உதவும். தகவல் வாங்கும் அதன் ஆர்எக்ஸ் பின் 3.3 வோல்ட்டுக்கானது, நேனோவிலிருந்து வரும் கோட்டை 1 கிலோ, 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்துக் கொடுங்கள். போட்டிக்கு முன் கழற்றிவிடுங்கள், வயர்லெஸ் இருப்பதே பல இடங்களில் தகுதி நீக்கத்துக்குப் போதும்.

மூலைகள், சந்திப்புகள், இடைவெளிகள்

வளைவுகளுக்கு மேலே சொன்ன கணக்கு போதும். செங்கோணத்துக்குப் போதாது, ரோபோ கோட்டைத் தாண்டி வெள்ளைக்குப் போய்விடும். ஓரச் சென்சார் இரண்டில் எது கடைசியாகக் கறுப்பைக் கண்டது, எப்போது என்று நினைவில் வைக்கச் சொல்லுங்கள். எட்டும் வெள்ளையாகும் தருணத்தில், அந்த நினைவு 50 மில்லிநொடிக்குள் இருந்தால் அந்தப் பக்கம் நின்ற இடத்திலேயே சுழல வேண்டும், நடுச் சென்சார்கள் கோட்டைப் பிடிக்கும் வரை.

'ஓரம் கறுப்பானதும் திரும்பு' என்று எழுதினால் நாற்சந்தியில் மாட்டுவீர்கள். ரோபோ இம்மி சாய்ந்து வந்தாலும் ஒரு ஓரம் முந்திக்கொண்டு கறுப்பைக் காணும், உடனே திரும்பிவிடும். முடிவை எட்டும் வெள்ளையாகும் வரை தள்ளிப்போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. நாற்சந்தியைத் தாண்டியதும் கோடு தொடரும், வெள்ளையே வராது.

விட்டுவிட்டு வரும் கோடு: எட்டும் வெள்ளை, ஆனால் ஓர நினைவு எதுவும் இல்லை, கடைசிப் பிழையும் சிறியது என்றால் நேராகப் போ. 5 செ.மீ. இடைவெளியை 0.8 மீட்டர் வேகத்தில் கடக்க 60 மில்லிநொடிதான், 150 வரை பொறுக்கலாம். அதற்கு மேலும் கோடு வராவிட்டால் கடைசிப் பிழை இருந்த பக்கம் சுழன்று தேட வேண்டும்.

குறுங்கோணத்தில் வேறொரு வம்பு. முனை நெருங்கும்போது திரும்பி வரும் கோடும் சென்சார் வரிசைக்குள் நுழைந்துவிடும். சராசரி இரண்டுக்கும் நடுவே விழும், ரோபோ இரண்டையும் விட்டுவிட்டு வெள்ளையில் போகும். கறுப்புக் கண்ட சென்சார்களைக் குழுக்களாகப் பிரித்து, முந்தைய இடத்துக்கு அருகில் இருக்கும் குழுவை மட்டும் கணக்கில் எடுத்தால் தப்பிக்கலாம்.

முடிவுப் பெட்டி முழுக் கறுப்பு என்றால், எட்டும் 100 மில்லிநொடி தொடர்ந்து கறுப்பாக இருக்கும்போது நிற்கட்டும். 30 மில்லிமீட்டர் குறுக்குக் கோட்டை 0.8 மீட்டர் வேகத்தில் கடக்க 40 மில்லிநொடி கூட ஆகாது, ஆகவே குழப்பம் வராது.

போட்டி நாள்

பெட்டியில் இருக்க வேண்டியவை: சார்ஜ் ஏறிய இரண்டு பேட்டரிகள், அதே ப்ரோக்ராம் ஏற்றிய உபரி நேனோ, உபரி டிபி6612, இரண்டு மோட்டார்கள், சால்டர் இரும்பு, மல்டிமீட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மாஸ்கிங் டேப், ஐந்து பழைய கார்டுகள். லிபோவை ஓட்டையும் கூர்மையும் இல்லாத தனி டப்பாவில் வையுங்கள். சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டால் தீப்பிடிக்க அது போதும். வீங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. 450 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.45 ஆம்பியரில் சார்ஜ், பக்கத்தில் ஆள் இல்லாமல் வேண்டாம். ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கும் வரை ஓட்டாதீர்கள்.

ரோபோவில் சின்ன சுவிட்ச் ஒன்று வைத்து மூன்று வேகங்களை முன்பே பதிந்துவையுங்கள், ஒவ்வொன்றுக்கும் அதன் கேபி, கேடி ஜோடியோடு. களத்தில் லேப்டாப்பைத் திறக்கும் நிலை வந்தால் பதற்றத்தில் பழைய ப்ரோக்ராமை ஏற்றுவது சர்வசாதாரணம்.

சோதனை ஓட்டம் கிடைத்தால் நேரத்தைப் பார்க்காதீர்கள், தடத்தைப் பாருங்கள். இரண்டு ஃப்ளெக்ஸ் சேரும் விளிம்பு எங்கே, கம்பளத்தின் மேல் விரித்ததால் எங்கே உப்பியிருக்கிறது, எந்த மூலையில் வெளிச்சம் நேராக விழுகிறது என்று கவனியுங்கள். கேலிபரேஷனை அந்தத் தடத்தின் மேலேயே, போட்டி விளக்குகள் எரியும்போதே செய்யுங்கள். அனுமதிக்காவிட்டால் முன்பே எடுத்த அளவுகளை, மின்சாரம் போனாலும் அழியாத நேனோவின் ஈப்ராம் நினைவகத்தில் சேமித்து வைத்திருந்தால் கைகொடுக்கும்.

முதல் சுற்றை நடு வேகத்தில் ஓட்டி முழுத் தடத்தையும் முடித்துவிடுங்கள். சிறந்த நேரத்தைத்தான் எடுப்பார்கள் என்றால், கையில் ஒரு நேரம் இருக்கும்போது இரண்டாவது சுற்றில் துணிந்து வேகத்தை ஏற்றலாம். முதல் ஓட்டத்திலேயே அதிவேகம் வைத்து மூன்று முறை விலகினால் அபராத நொடிகளே ஓட்ட நேரத்தைத் தாண்டிவிடும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் செய்ய வேண்டியவை மூன்று: டயரை மாஸ்கிங் டேப்பின் பசைப் பக்கத்தில் உருட்டித் தூசு எடுத்து ஆல்கஹாலில் துடையுங்கள், டயர் உலரும் வரை தடத்தில் வைக்காதீர்கள், ஏனென்றால் தடத்தில் கறை விடுவது பல இடங்களில் விதிமீறல். பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள், 7.8-க்குக் கீழ் இருந்தால் மாற்றுங்கள். சென்சாருக்கு அடியில் கார்டுகளைச் செருகி உயரம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேக சுவிட்சை ஒரு படி தள்ளிவிட்டு ரோபோவை நடுவரிடம் கொடுங்கள்.